அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

வானத்துச் செயற்கைக்கோள்களிலிருந்து மூன்றாவது சமிக்ஞை வரத் தொடங்கிய வருடம்தான் நெடும்பட்டு காலனியில் எல்லைக்கற்களைப் பிடுங்கிப் போட்டார்கள். பிடுங்கியது அதிகாரிகள் இல்லை. காலனி ஜனங்களே கடப்பாரை எடுத்து வந்து, பட்டாசு கொளுத்தி, ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துச் சாலையோரம் குவித்தார்கள்.

கல் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு கோபம். ஊர்ப் பெரியதனக்காரர்களின் டிராக்டர் உழவுக்கு உழவு ஒரு முழம் உள்ளே வரும். கல்லும் கூடவே வரும். மனு கொடுத்தால் நில அளவையர் வந்து, நகர்ந்த கல்லிலிருந்தே சங்கிலி பிடித்து அளந்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டு, பெரியதனக்காரர் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போவார். செயற்கைக்கோளை எவனும் டிராக்டரில் கட்டி இழுக்க முடியாது. புதிய சமிக்ஞையில் ஒரு இடத்தை இரண்டு விரற்கடை பிசகாமல் சொல்லிவிடலாம் என்றார்கள். பட்டா ஒவ்வொன்றிலும் நிலத்தின் மூலைகளை எண்களாக அச்சிட்டார்கள். இனி எண்தான் எல்லை, கல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆணை வந்தது.

அந்த வருடம் அஞ்சுகத்துக்குப் பதினைந்து வயது. நெடும்பட்டிலிருந்து இரண்டு தாலுகா தள்ளி, இதே மாதிரி இன்னொரு காலனியில் இருந்தாள். அங்கேயும் கல் பிடுங்கினார்கள். தன் அப்பாவை ஒரு வார்த்தையும் பேசவிடாத அதிகாரிகளை ஒரு கருவி வாயடைக்க வைத்ததை அவள் நின்று பார்த்தாள். அந்தக் கருவியைக் கையில் பிடிக்கவேண்டும் என்றே படித்தாள். முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் ஒன்பது நாள் நின்றபோது, 'இப்படி ஒரு ஆபீஸுக்கு நான் கருவியோடு வருவேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வந்தும் விட்டாள். மனிதர்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. எண்ணை நம்பினாள். எண் யாருடைய தெரு என்று கேட்காது.

அந்த எண்தான் அவளை இப்போது கஸ்தூரியின் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

நெடும்பட்டு காலனியின் கடைசி வரிசையில் பதினொரு வீடுகள். எல்லாம் வடகிழக்குக்கு முதுகு காட்டி நிற்பவை. முதுகுக்குப் பின்னால் ஒரு செருப்புக் கம்பெனி. கம்பெனிக்கு அந்தப் பக்கம் ஏரி. கம்பெனிக்கு மூன்று பக்கமும் பழைய மதில் இருக்கிறது. காலனிப் பக்கம் மட்டும் வெறும் முள்வேலி. அங்கேயும் மதில் எழுப்ப வேண்டும், அளந்து கொடுங்கள் என்று கம்பெனி மனுப் போட்டது. அஞ்சுகம் கம்பத்தை நட்டு, கருவியை ஏற்றி, பதினொரு வீட்டின் பின்சுவரையும் அளந்தாள். கருவி சொன்னது: பதினொரு சுவரும் கம்பெனி நிலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

அந்தச் சுவர்களை ஒட்டி இருந்தவை கழிப்பறைகள். எட்டு வருடம் மனுக் கொடுத்து, கடைசியில் தாங்களே செங்கல் சுமந்து கட்டியவை. அதற்கு முன் அந்தப் பதினொரு வீட்டுப் பெண்களும் விடிவதற்குள் ஏரிக்கரைப் புதருக்கு ஓடினார்கள். இப்போது அளவுக்கோடு கழிப்பறைப் பீங்கானின் நட்டநடுவே போனது. அஞ்சுகம் சுண்ணாம்பில் அதை வரைந்து காட்டினாள்.

கஸ்தூரிக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அப்ப பாதி எனக்கு, பாதி கம்பெனிக்கா மேடம்? அவங்க பாதிய அவங்களே வந்து கழுவுவாங்களா?"

வேலியோரம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அஞ்சுகம் சிரிக்கவில்லை. விதியை மீறிக் கட்டிவிட்டுச் சிரிக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. தன் ஜனம் என்பதால் எரிச்சல் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

"ஈசானி மூலையில கக்கூஸ் கட்டாதேன்னு மேஸ்திரி அப்பவே சொன்னான். நான்தான் கேக்கல" என்றாள் கஸ்தூரி. பிறகு குரலை இறக்கி, இந்தக் கம்பம் எப்படி அளக்கிறது என்று கேட்டாள். மனுப் போட வருகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி. அஞ்சுகம் சொன்னாள். செயற்கைக்கோள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி கீழே வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் வழியில் இருக்கும் வானம் சேதியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஒரே ஒரு சேதி வந்தால் எவ்வளவு தாமதம் என்று தெரியாது. ஒரே சேதியை மூன்று ஆட்களிடம் சொல்லி, மூன்று வேகத்தில் அனுப்பினால், யார் எவ்வளவு பிந்தி வந்தார் என்பதை வைத்து வழி எப்படி இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது ஆள் வந்த பிறகு பிழைக்கே இடமில்லை.

"சரி, மிஷின் பொய் சொல்லல" என்றாள் கஸ்தூரி. "நானும் சொல்லல. பட்டா குடுத்த வாரமே கடக்கால் போட்டோம், நீங்க குடுத்த நம்பர் மேலயே போட்டோம். பன்னெண்டு வருஷமா இந்தச் சுவரு இங்கதான் நிக்குது. எழுந்து நடந்துச்சா?"

அஞ்சுகம் அளவைக் கருவியிலிருந்தே நிலப்பதிவேட்டில் ஏற்றிவிட்டாள். ஏற்றிய நொடியில் இணையத்தில் பதினொரு பட்டாவும் சிவப்பாக மாறின. ஆக்கிரமிப்பு என்று அர்த்தம். சிவப்பு விழுந்த சுவரை இடிக்கத் தனியாக அனுமதி தேவையில்லை. விசாரணை ஒன்று முடிந்தால் போதும். விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது.

பஸ்ஸில் போகும்போதுதான் அது உறுத்தியது. பதினொரு குடும்பம். கடக்கால் ஒரே வாரம் போட்டாலும், ஒரு சுவர் முந்தி எழும்பியது, இன்னொன்று பிந்தி எழும்பியது. குடிகாரக் கொத்தனார் கட்டிய சுவரும் அதில் இருக்கும். பேராசைப்பட்டு உள்ளே போனவர்கள் பதினொரு பேரும் ஒரே அளவுக்கா பேராசைப்படுவார்கள்? ஒருவன் ஒரு முழம் போவான், ஒருவன் ஒரு சாண் போவான். திருட்டு இவ்வளவு ஒழுங்காக நடக்காது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கருவி இல்லாமல், சாதாரண அளவு நாடாவோடு போனாள். காலனித் தெருவின் சிமெண்ட் ஓரத்திலிருந்து பின்சுவர் வரை அளந்தாள். பழைய வரைபடத்தில் இருந்த தூரம் அப்படியே இருந்தது. குடிநீர்த் தொட்டியிலிருந்து அளந்தாள். அப்படியே இருந்தது. பின்சுவரிலிருந்து கம்பெனியின் பழைய மதில் வரை அளந்தாள். அதுவும் மாறவில்லை. எந்தச் சுவரும் எந்தச் சுவரையும் நெருங்கவில்லை, விலகவும் இல்லை. அப்படியென்றால், வானத்திலிருந்து பார்க்க, பின்சுவர் மட்டும் இல்லை, எல்லாமே அறுபத்திரண்டு சென்டிமீட்டர் தள்ளி நின்றன. எல்லாமே வடகிழக்கில்.

தெருவின் நடுவில் நாடாவைப் பிடித்தபடி நின்றவளுக்குக் கல்லூரி இரண்டாம் வருட வினாத்தாள் நினைவுக்கு வந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி. இந்தியத் தட்டின் நகர்வு வேகம் என்ன? திசை என்ன? ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர், வடகிழக்கு. இரண்டுக்கு இரண்டு வாங்கினாள். மனப்பாடம் செய்து எழுதினாள், அடுத்த பக்கம் புரட்டினாள். அந்தத் தட்டின் மேல்தான் தன் அப்பா வீடும் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. படிப்பு என்பது தேர்வுக்கு, வீடு என்பது வீடு. முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க நேரம் கொடுத்தது யார்?

ஐந்தும் கொஞ்சமும். பன்னிரண்டு வருடம். பெருக்கிப் பார்க்கத் தேவையே இல்லை.

வானத்து எண் அசையவில்லை. நிலம்தான் போய்க்கொண்டிருக்கிறது, மேலே இருக்கும் சுவர், தொட்டி, கழிப்பறை, கம்பெனி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு. பழைய கருவிக்கு இரண்டு மூன்று மீட்டர் பிழை இருந்ததால் இது கண்ணுக்குத் தெரியவில்லை. துல்லியம் வந்தபிறகுதான் தெரிகிறது. பட்டாவில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு வரி இருந்தால் கணக்கை நேர் செய்துவிடலாம். பட்டாவைத் தேடி எடுத்துப் பார்த்தாள். எட்டுத் தசமம் வரை எண் இருந்தது. தேதி இல்லை. படிவம் வகுத்தவர்கள், நிரந்தரமான உண்மைக்குத் தேதி எதற்கு என்று அந்த வரியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன் தயாநிதி. பக்கத்துப் பிர்காவுக்கு அளவையர். அவன் அறிக்கைகளில் பாதிக்கு மேல் 'சமிக்ஞை பலவீனம், அளவு தெளிவில்லை' என்றே இருக்கும். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று அஞ்சுகம் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்று கேன்டீனில் அவன் எதிரில் போய் உட்கார்ந்து, நாடா அளவுகளைக் காட்டினாள். அவன் தாளைப் பார்க்கவே இல்லை.

"நீ இப்பதான் கண்டுபுடிச்சியா?"

அவனுக்கு மூன்று வருடமாகத் தெரியும். மாவட்டத்தில் கருவி பிடிக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். மேலே எழுதினால் 'உன் கருவியைச் சரிபார்' என்று பதில் வரும். இரண்டாவது முறை எழுதினால் ஆளையே மாற்றுவார்கள். அதனால் ஏழைப்பட்டவர்கள் வீடு வந்தால் மூன்றாவது சமிக்ஞையை அணைத்துவிட்டு அளப்பான். பிழை இரண்டு மீட்டருக்கு ஏறிவிடும். தெளிவில்லை என்று எழுதினால் கோப்பு தூங்கிவிடும்.

"நீயும் அணைச்சிட்டுப் போய் மறுபடி அள, அஞ்சு. சிவப்பு போயிடும். யாருக்கு நஷ்டம்?"

அவனைத் தப்பாக நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவன் சொன்னது பிடிக்கவில்லை. அவள் படித்தது கண்ணை மூடிக்கொள்வதற்கு இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள், அக்கம்பக்கத்து எல்லையைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக் கம்பெனிக்குள் போனாள். அது அவளுக்கு இருக்கிற அதிகாரம்தான், யாரும் பயன்படுத்துவதில்லை. ஏரிப்பக்க மதிலை அளந்தாள். மறுநாள் காலையில் கோட்டாட்சியர் அலுவலக வாசலிலும் கம்பத்தை நட்டாள். அதற்கு அதிகாரம் இல்லை.

கோட்டாட்சியர் கெட்டவர் இல்லை. மனுதாரர்களை உட்காரச் சொல்லிப் பேசுகிற மனிதர். ஒரு பக்கம் கம்பெனி மேலாளர், இன்னொரு பக்கம் கஸ்தூரியும் மற்ற பத்துப் பெண்களும். அவர் நேராக அஞ்சுகத்திடம் கேட்டார்.

"சுவர் பட்டா எண்ணுக்குள்ள இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா."

"இல்ல சார்."

கஸ்தூரி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டுதான் அஞ்சுகம் அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"கம்பெனியோட ஏரிப்பக்கச் சுவரும் இல்ல சார். ஏரிப் புறம்போக்குல அறுபத்திரண்டு சென்டிமீட்டர் நிக்குது. இந்த ஆபீஸும் இல்ல. காலையில அளந்தேன். பட்டாப்படி பாத்தா உங்க மேஜையில பாதி பக்கத்துக் கல்யாண மண்டபத்துல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் நாடா அளவுகளை விரித்துவைத்து, தட்டு, திசை, வருடக் கணக்கு, விட்டுப்போன தேதி எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டாட்சியருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. புரிந்தபோது அவர் முகத்தில் வந்தது ஆச்சரியம் இல்லை, பயம். மேலாளர் வெளியே போய்ப் போன் பேசினார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். முள்வேலியே போதும் என்றார். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்ற சொல் கம்பெனிக்குக் கழிப்பறையைவிட நாற்றம் அதிகம்.

பெண்கள் கைகூப்பினார்கள். அஞ்சுகம் மட்டும் நகரவில்லை. சிவப்பு எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாள்.

அங்கேதான் முடிச்சு. ஏற்றிய அளவை நீக்க உத்தரவு வேண்டும். உத்தரவு போட மனு வேண்டும். மனுவைத்தான் வாபஸ் வாங்கியாயிற்றே. கம்பெனி நிலத்தை நாளை வேறொருவன் வாங்கினால், சிவப்பு அவனுக்காகக் காத்திருக்கும்.

கோட்டாட்சியர் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தணிந்த குரலில் பேசினார். நிலம் நகர்கிறது என்று நான் எழுதினால், மாநிலத்தில் ஒரு பட்டா மிச்சமிருக்காது. எல்லாவற்றையும் திருத்த வேண்டும், ஒவ்வொரு வருடமும். அந்த நெருப்பை என் கையால் ஏன் வைக்கச் சொல்கிறாய்? நீயே போய் மறுபடி அளந்து, சமிக்ஞை பலவீனம் என்று ஏற்றிவிடு. சிவப்பு மஞ்சளாகிவிடும். சந்தேகம் என்று அர்த்தம். சந்தேகத்தில் யாரும் இடிக்க மாட்டார்கள். கூடவே, அனுமதி இல்லாமல் அரசுக் கட்டடத்தை அளந்ததற்கு ஒரு குறிப்பாணையையும் கையில் கொடுத்தார். அதை அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் கொடுத்தார்.

படிக்கட்டில் கஸ்தூரி காத்துக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தனக்கு அப்படி எழுத மனமில்லை என்றாள். ஆனால் கழிப்பறை என்னுடையது இல்லை, உங்களுடையது, அதனால் நீங்கள் சொல்வதை எழுதுகிறேன் என்றாள்.

கஸ்தூரி அவள் பக்கம் திரும்பினாள்.

"தெளிவா தெரியலன்னு எழுதுனா எனக்கு மட்டுமா தெரியாது? அந்தப் பக்கம் ஜேசிபி வெச்சிருக்கிறவனுக்கும் தெரியாதில்ல? தெரியாத எடத்துல எவன் முன்னால வந்து நிப்பான் சொல்லு."

மூன்று வருடமாகத் தயாநிதி நல்லெண்ணத்தோடு செய்துவந்த காரியத்தில், அவனும் அவளும் பார்க்காத ஓட்டை அது. மங்கலான எல்லையில் தன் சுவரைத் தள்ளிக் கட்ட வசதி இருக்கிறவன்தான் தள்ளிக் கட்டுவான்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள் கஸ்தூரி. "போனாப் போவுதுன்னு விட்டாங்கன்னு என் பேர்ல ஒரு காயிதம் இருக்கக்கூடாது. நான் ஒண்ணும் பண்ணல. அத எழுதணும்."

எழுத மனு வேண்டும் என்று அஞ்சுகம் மறுபடி சொன்னாள். குரலில் அலுப்பு.

"மனு யாரு குடுக்கலாம்?"

"யாரு வேணாலும் குடுக்கலாங்க்கா."

"யாரு மேல?"

"யாரு மேல வேணாலும்."

கஸ்தூரி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "எழுதத் தெரிஞ்ச கை உங்கிட்ட இருக்கு. வா."

அடுத்த திங்கட்கிழமை, குறைதீர் நாள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் வழக்கம்போலக் கூட்டம். முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் அடைப்பு, தெருவிளக்கு. வரிசையில் கஸ்தூரி பதினேழாவது ஆள். அவளுக்குப் பின்னால் பத்துப் பெண்கள், ஆளுக்கொரு தாளோடு. அஞ்சுகம் சுவரோரமாக, கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். குறிப்பாணைக்குப் பதில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தாள். அளந்தது உண்மை, அளவு சரி என்று இரண்டே வரி.

கோட்டாட்சியர் தாளை வாங்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

மனுதாரர்: கஸ்தூரி, நெடும்பட்டு காலனி. எதிர்மனுதாரர்: கஸ்தூரி, நெடும்பட்டு காலனி. மேற்படி எதிர்மனுதாரரின் கழிப்பறைச் சுவர் பட்டாவில் கண்ட எண்ணிலிருந்து அறுபத்திரண்டு சென்டிமீட்டர் விலகி நிற்கிறது. சுவரை எதிர்மனுதாரர் நகர்த்தினாரா, நிலம் நகர்ந்ததா என்று விசாரித்து, காரணத்தை எழுதி உத்தரவு வழங்க வேண்டும்.

விதிப்படி எந்தக் குறையும் இல்லாத மனு. முத்திரைச் சீட்டு, கையெழுத்து, இணைப்பாக நாடா அளவுகள், கருவி அளவுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி, மணி.

"ஏம்மா" என்றார் அவர். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தணித்தார். "உன் மேல நீயே மனுவா? சொன்னாக் கேளு, வாபஸ் வாங்கிக்க. நான் பாத்துக்கறேன்."

"வாபஸ் வாங்க மாட்டேன் சார்" என்றாள் கஸ்தூரி. "எதிர்ல இருக்கிறவளையும் கேட்டுப் பாத்துட்டேன். அவளும் சமாதானத்துக்கு வர மாட்டாளாம்."

கோட்டாட்சியர் அவளையும், பின்னால் நீண்டிருந்த பத்துத் தாள்களையும் பார்த்தார். சுவரோரம் நின்றவளைப் பார்த்தார். பிறகு உள்ளிருந்த எழுத்தரைக் கூப்பிட்டு, மனுவுக்கு எண் போடச் சொன்னார்.